ஆற்று மணலின் பதில்

"மூணுதான் சார்," என்றான் வீராசாமி.

"மறுபடி சொல்லு."

"மூணு தடவை அடிச்சதுலயே குழாய் ஒரு அடி எறங்கிப் பூட்ச்சி."

இன்ஜினியர் ஆர்தரால் உட்கார முடியவில்லை. திருச்சானூர் ஆற்றோரம், மிஷன் விடுதி எழும்ப வேண்டிய இடம் அது. மூன்று கம்பம் நட்ட முக்காலியிலிருந்து எடைக்கட்டி விழுந்து குழாயை மணலுக்குள் இறக்க வேண்டும். ஒரு அடி ஆழம் இறங்கப் பதினைந்து தடவையாவது அடிக்க வேண்டியிருந்தால்தான் கட்டடம் நிற்கும். இல்லையென்றால் பூமி ஆடும்போது, நீரில் ஊறிய தளர்ந்த மணல் கஞ்சியாகிவிடும்.

"நேத்து சாயந்திரம் மேல் மணல்ல பதினாறு வந்துச்சே?"

"அதான் எனக்கும் ஆட்டம் காட்டுது."

விடுதிக் கண்காணிப்பாளர் தபீதாள், ஆர்தரின் அத்தை, நிழலுக்கும் வெயிலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். பழைய விடுதியின் சுவர் வெடித்துவிட்டது. ஜூனில் பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

"டேய் ஆர்தர், இந்த ஊர்ல எப்படா பூமி ஆடுச்சி?"

"கொய்னாவுல பூகம்பம் வர்றதுக்கு முன்னாடி அங்கயும் அப்டித்தான் கேட்டுக்கினு இருந்தாங்க அத்தை."

அப்போது பக்கத்துத் தெரு செங்கம்மா வந்தாள். கையில் கயிறு கட்டிய ஒடுக்கமான டப்பா. நேராகத் துளையில் நின்ற குழாயண்டை போனாள்.

"ஏம்மா, என்னா பண்ற?"

"தண்ணி மொள்ளத்தான் சாமி. கல்கண்டாட்டம் இருக்குது. காத்தால தெருவே வந்து மொண்டுக்கினு போச்சே! கெணறு வத்திப் பூட்ச்சி, ஆத்து ஊத்து வரைக்கும் யாரு நடப்பா?"

ஆர்தர் தலையில் கை வைத்தான். உள்ளேயிருந்த நீரை இறைத்ததும் சுற்றிலுமுள்ள நீர் கீழிருந்து பீறிட்டு, அடிமணலையும் கிளப்பித் தளர்த்திவிட்டிருக்கிறது.

"அப்ப மூணு பொய்யி!" தபீதாள் கைதட்டினாள். "பதினாறுன்னே எழுதிக்கோ."

"பக்கத்துல புதுசா துளை போடணும் அத்தை. குழாய்ல தண்ணி கொறையாம நிக்கணும்."

மறுநாள் செங்கம்மாவே ஆற்று ஊற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினாள். "சோறாக்கத் தண்ணி இல்ல, குழாய்க்கு விருந்து!"

புதுத் துளை, அதே ஆழம். எடைக்கட்டி விழுந்தது. தபீதாளே உரக்க எண்ணினாள். எட்டாவது தடவையிலேயே குழாய் ஒரு அடிக் குறியைத் தாண்டிவிட்டது.

"யாராச்சும் மொண்டாங்களா?"

"ஒரு சொட்டு இல்லீங்கம்மா," என்றாள் செங்கம்மா.

"வீராசாமி, நீ ரொம்ப ஒசரம் தூக்கிப் போட்டியா?"

"கயித்துக் குறி வரைக்கும்தான் தூக்கினேம்மா. நீங்கதான் பாத்தீங்களே."

தபீதாள் ஆர்தரைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான்.

"இங்க வேணாம் அத்தை."

"மிஷனோட மேட்டு நெலத்துக்கு பஸ் போவாதுடா. பிள்ளைங்க நடக்கணும்."

"நடக்கட்டும்."

தபீதாள் மணலைக் காலால் கிளறினாள்.

"முக்காலிய கழட்டு வீராசாமி," என்றாள். "வெயில் ஏறங்காட்டியும் மேட்டுல போய் அடிச்சிப் பாத்துடலாம்."