வியாழக்கிழமை முத்திரை

பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிப் பதினைந்து மாதம் ஆகியிருந்தது. 'பே' என்ற பட்டம் கொண்ட மன்னர் ரஷீதை வைத்துக்கொள்வதா, விரட்டுவதா என்பதில்தான் துனீசியத் தலைநகர் துனிஸில் இழுபறி. காலையில் சபையில் ஒவ்வொருவராக எழுந்து முடிவைச் சொன்னார்கள். இருக்கட்டும் என்றவர்கள் நாற்பத்தெட்டு, வேண்டாம் என்றவர்கள் நாற்பத்தெட்டு. மிச்சம் மஹ்ரெஸ் ஒருத்தன்தான். அதற்குள் மதியத் தொழுகைக்கு அழைப்பு வந்து சபை கலைந்தது.

அவன் எந்தப் பக்கம் என்று ஊரில் கழுதைக்குக்கூடத் தெரியும். அவன் அண்ணன் அம்மார், பாஸ்பேட் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் நடத்தியவன். பிரெஞ்சு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஆனால் மன்னரின் முத்திரை விழாமல் எந்தக் காகிதமும் செல்லாது. முத்திரைக்கு நாள் வியாழக்கிழமை. அன்று அம்மாரின் மனைவி மப்ரூக்கா மனுவோடு அரண்மனை வாசலில் ஏழு மணி நேரம் நின்றாள். உள்ளே மனுஷன் அந்தத் தீர்ப்பிலும் நூறு காகிதத்தோடு நூற்றொன்றாக முத்திரை குத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். மறுநாள் அம்மாரைச் சுட்டார்கள். பாவி, படித்துக்கூடப் பார்க்கவில்லை!

மஹ்ரெஸ் முற்றத்துக்கு வந்ததும் அரண்மனைக் காரியக்காரர் ஷத்லி ஓடிவந்தார்.

"மஹ்ரெஸ் ஐயா, அரசரே சொல்லி அனுப்பிச்சார். தாராளமா எதிர்த்து ஓட்டுப் போடுங்க."

"என்னது?"

"அவருக்கும் போதும் போதும்னு ஆயிடுச்சு. மார்ஸால கடலோரமா வீடு, பாட்டுக் குருவிங்க, மானியம்... நிம்மதியா இருப்பார். இந்த வியாழக்கிழமைத் தொல்லை ஒழிஞ்சாப் போதும்னார்."

மஹ்ரெஸ் விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தான். ஆறு வருஷம் கறுவிக் காத்த பழி, கடைசியில் அந்த ஆளுக்கு ஓய்வூதியமா?

வாசலில் வெள்ளைப் போர்வைக்குள் மப்ரூக்கா ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். ரொட்டியைப் பிய்த்த அவள் கை நின்றது.

"அண்ணி, அழாதீங்க."

"எவ அழறா? தம்பி, கொலைகாரன் தலையை வாங்குறதுக்கு முந்தி அரசர் என்ன செய்வார்?"

"செத்தவன் வீட்டு ஆளுங்களக் கூப்பிட்டு, மன்னிக்கிறீங்களான்னு கேப்பார். காலங்காலமா அதானே முறை."

"என் புருஷனைக் கொன்னது யாரு? அந்த முத்திரை. என்னை யாராச்சும் கேட்டாங்களா? அந்த அரசன் எங்கயும் போகக் கூடாது. அங்கயே உக்காந்து கேக்கட்டும்."

சபை மறுபடி கூடியது. மஹ்ரெஸ் எழுந்தான்.

"மன்னர் இருக்கட்டும்."

கூச்சல் கூரையைப் பிளந்தது. "துரோகி! எவ்வளவுக்கு வித்தே உங்க அண்ணனை?" என்று அவன் தோழர்களே கத்தினார்கள். ஒருவன் அவன் காலில் துப்பினான். வலித்தது, ரொம்பவே வலித்தது. துடைக்காமல் தொடர்ந்தான்.

"ஒரு நிபந்தனை. வியாழக்கிழமை கதவைத் திறந்து வைக்கணும். அவர் முத்திரையால செத்தவங்க வீட்டாளுங்க முன்னாடி நிப்பாங்க. ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பாத்து, மன்னிக்கிறீங்களான்னு அவர் கேக்கணும். கேட்ட பிறகுதான் அன்னிக்கு முத்திரை. முடியாதுன்னு சொன்னவங்ககிட்ட அடுத்த வியாழனும் கேக்கணும். இதை எழுதினா என் ஓட்டு உங்களுக்கு."

மன்னர் கட்சிக்காரர்கள் சிம்மாசனம் பிழைத்த குஷியில் அங்கேயே எழுதிக்கொடுத்தார்கள். வாசலில் ஷத்லி மட்டும் முகம் வெளுத்து நின்றார்.

முதல் வியாழக்கிழமை அறுபத்திரண்டு குடும்பங்கள் வந்தன. முதல் ஆள் மப்ரூக்கா.

"அம்மாரின் மனைவியே, மன்னிக்கிறாயா?" மன்னர் தரையைப் பார்த்துக் கேட்டார்.

"மூஞ்சியப் பாத்துக் கேளுங்க."

நிமிர்ந்து கேட்டார்.

"இல்ல. அடுத்த வாரம் வரேன்."

பதினோரு வருஷம் ஓடிவிட்டது. முடியாட்சி அசையவில்லை. மன்னர் மூன்று முறை பதவி விலகக் கேட்டார். மூன்று முறையும் சபை மறுத்தது. சலித்துப்போய்ச் சிலர் மன்னித்தார்கள், சிலர் செத்தார்கள். கடைசியில் மப்ரூக்கா ஒருத்திதான் மிச்சம்.

ஒரு வியாழக்கிழமை அவளுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. மஹ்ரெஸ் கையைப் பிடித்துக் கெஞ்சினான். "இன்னைக்கு ஒரு நாள் விடுங்க அண்ணி. நீங்களும் இத்தனை வருஷமா அந்த வாசல்லயே கிடக்குறீங்களே!"

"கிடந்தா என்ன? நான் போகலேன்னா மன்னிச்சிட்டேன்னு நெனச்சு ராத்திரி நிம்மதியாத் தூங்கிடுவான், தம்பி" என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள்.