கரையிலிருந்து வீசுகிற கம்பு

என் வீட்டுக்காரருக்குக் கடலும் தெரியாது, மீனும் தெரியாது. கிழங்கானுக்கும் செங்கனிக்கும் உள்ள வித்தியாசம் தட்டில் விழுந்த பிறகும் தெரியாது. அப்படிப்பட்ட மனிதர் செக்காலை ரோட்டில் ஒரு தூண்டில் கடைக்குள் நின்றுகொண்டு, கம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது வீசினா எம்புட்டுத் தூரம் போகும் தம்பி?"

கடைக்காரர் அஜித் கையை நீட்டி, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த மருந்துக்கடையைத் தாண்டி எங்கோ காட்டினார்.

"அதைவிடத் தூரம் போறது இல்லையா?"

அஜித் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். அதையும் வாங்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, "இதைவிட?" என்றார்.

"என்னங்க, ராக்கெட்டா விடப்போறீக?" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

லட்சுமணன் என்று பெயர். பல வருஷம் சிங்கப்பூரில் கணக்கெழுதிவிட்டு வந்து, இப்போது காரைக்குடியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். சில மாதங்களாகக் கடையில் உட்கார்ந்து செல்போனில் தூண்டில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளுகிறார். கார்பன் கம்பாம், வளையமாம், நுனி வளைந்து கொடுக்க வேண்டுமாம், இடுப்பில் விசை இருக்க வேண்டுமாம். சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டால் காதில் விழுவதில்லை.

அஜித் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு கம்பை எடுத்துவந்தார்.

"ஆச்சி, இதைப் பாருங்க. பழைய மாதிரி கண்ணாடி நார்க் கம்பு. சின்ன வயசுல இதுல பிடிச்சவுகள்லாம் இப்பத் திரும்பத் தேடி வாராக."

மஞ்சள் கம்பு. பிடிக்கு மேலே சிவப்பு நூல் சுற்றியிருந்தது. என் கை தானாகப் போய் அதை வாங்கிக்கொண்டது. என் மகன் முத்து வைத்திருந்ததும் இதே மஞ்சள், இதே சிவப்பு. தொண்டிக் கடற்கரையில் அவனுக்குப் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு எத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருக்கிறேன்! பொழுது போகாமல் நானும் வீசக் கற்றுக்கொண்டேன். "ஆத்தா, நீ என்னைவிட நல்லா வீசுற" என்று கேலி செய்வான்.

"இதையே வாங்குவோம்" என்றேன். "பார்த்ததும் அவனுக்குத் தெரியும்."

"அது வேணாம்."

"ஏன் வேணாம்?"

"தூரம் போகாது நாகம்மை."

"தூரம், தூரம், தூரம்! விடிஞ்சா அடைஞ்சா இதே பாட்டுத்தானா உங்களுக்கு?"

அஜித் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாருக்குண்ணே வாங்குறீக? ஆளு எம்புட்டு உசரம்? கையில வலு இருக்குமா? அதைப் பொறுத்துத்தான் கம்பு" என்றார்.

இவர் குனிந்து கம்பின் வளையங்களை எண்ண ஆரம்பித்தார். சொல்ல வேண்டியது எப்போதும் போல என் தலையில் விழுந்தது.

"எங்க மகனுக்கு, தம்பி. போன வருஷம் தவறிட்டான். படைப்புக்கு வைக்கிறோம்."

அஜித்தின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. படைப்பு என்றால் என்னவென்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒருநாள் எங்கள் பங்காளிகள் எல்லாரும் அமராவதிபுதூரில் உள்ள பொது வீட்டில் கூடி, செத்தவர்களுக்குச் சோறும் புதுத்துணியும் வைத்துக் கும்பிடுவோம். வைத்ததை நீளமான மரப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அடுத்த படைப்பு வரை பெட்டியைத் திறக்கக் கூடாது. அடுத்த முறை புதிதாக ஒன்று உள்ளே போனால், அந்த ஆளுடைய பழையது ஒன்று வெளியே வர வேண்டும். வந்ததைச் சீட்டுக் குலுக்கிப் பங்காளிகளில் ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். வைத்தவர்கள் பெயரை மட்டும் சீட்டில் எழுத மாட்டார்கள். கொடுத்ததைத் திரும்ப வாங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

முத்து போய்ச் சில வாரத்திலேயே போன வருஷப் படைப்பு வந்தது. தொண்டியிலிருந்து வரும்போது தேவகோட்டை ரோட்டில் லாரி அடித்துப் போனான். வண்டி அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. அந்த மஞ்சள் கம்பில் ஒரு கீறல் கூட இல்லை. என் பிள்ளை போய்விட்டான், கம்பு முழுசாகக் கிடக்கிறது! அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. வேட்டி சட்டை எதுவும் வேண்டாம், இதையே வையுங்கள் என்று தூக்கிக் கொடுத்துவிட்டேன். படைப்பில் தூண்டில் கம்பை வைத்தது எங்கள் வீட்டில் அதுதான் முதல் தடவை. மண்டை குழம்பிக் கிடந்த நேரம். வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கலாம் என்று புத்தி வந்தபோது பெட்டி பூட்டியாகிவிட்டது.

அந்தக் கம்பு, முத்து பள்ளிக்கூடம் படிக்கும்போது இவர் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்தது. ஒன்றும் தெரியாமல் வாங்கியது. குட்டையாக, தடியாக இருக்கும். படகில் உட்கார்ந்து நேராகக் கீழே இறக்குகிற கம்பு அது. கரையில் நின்று வீசினால் பாதியிலேயே விழுந்துவிடும். தொண்டியிலோ வெகுதூரத்துக்கு இடுப்பளவுத் தண்ணீர்தான்; பாறை மீனும் சீலாவும் அதற்கு அப்பால்தான் மேயும். "ஒரு நல்ல கம்பு வாங்கணும் ஆத்தா, இது அங்குட்டுப் போகமாட்டேங்குது" என்று என்னிடம் சொல்வான். வாங்கித் தொலையேன்டா என்றால், "அப்பச்சி வாங்கிக் கொடுத்தது, சங்கடப்படுவாக" என்பான். கடைசி வரைக்கும் வாங்கவில்லை. கிழங்கானையும் கெளுத்தியையும் பிடித்துக்கொண்டு வந்தான்.

இதை ஒருநாள் ஏதோ சண்டையில் இவரிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தத் தூரப் பைத்தியம்.

அஜித் மெதுவாகக் கேட்டார். "எந்தக் கரையில பிடிப்பாக ஆச்சி?"

"தொண்டி."

"அப்ப அண்ணன் சொல்லுறதுதான் சரி. அங்க காத்து எதுத்து அடிக்கும், தண்ணியும் ஆழமில்ல. கண்ணாடி நார்க் கம்பு மனசுக்கு நல்லாருக்கும். வீசுறதுக்குக் கார்பன்தான்." எதிர்மூலையில் தனியாக மாட்டியிருந்த கறுப்புக் கம்பை எடுத்து, இரண்டு துண்டையும் பொருத்தி என் கையில் கொடுத்தார்.

முத்து சொல்லிக்கொடுத்தபடி காற்றில் ஒரு வெட்டு வெட்டி நிறுத்தினேன். நுனி இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு அப்படியே அடங்கியது. முருங்கைக் குச்சி மாதிரி கனமே இல்லை. பாவி மகன் கையில் இது இருந்திருந்தால்! மஞ்சள் கம்பை அது இருந்த இடத்திலேயே சாத்திவிட்டேன்.

"இதையே கட்டுங்க தம்பி" என்றேன். இவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

படைப்பன்றைக்குக் காலையிலேயே பங்காளிகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். சமையற்கட்டில் வெள்ளைப் பணியாரம் வெந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் வளவு முற்றத்தில் ஓடிப்பிடித்து விளையாடின. எல்லாரும் என்னிடம் வந்து, மெலிந்துவிட்டாயே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்லாமல் இருந்தால்தான் என்னவாம்?

பெட்டியைத் திறந்தது முருகப்பன் அண்ணன். பங்காளிகளில் மூத்தவர் அவர்தான். முத்துவின் கம்பை எடுத்து எங்கள் முன்னால் பாயில் வைத்தார்.

"புதுசு வச்சா இது வெளிய போயிரும். யோசிச்சுக்கிட்டீகளா? இல்ல, பழசே இருக்கட்டும்னாலும் சரிதான். வருஷத்துக்கு ஒருவாட்டி பாத்துக்கிரலாம்."

இவர் என்னைப் பார்த்தார். "நீயே சொல்லு" என்றார்.

நான் அந்தக் கம்பைத் தொட்டேன். கைப்பிடியில் அவன் கட்டைவிரல் பதிகிற இடம் தேய்ந்து பள்ளமாக இருந்தது. என் விரலை அதில் வைத்துப் பார்த்தேன். விடக் கூடாது என்றுதான் இருந்தது. பழசே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டால் வருஷா வருஷம் இந்தப் பள்ளத்தில் விரல் வைக்கலாம். ஆனால் அது எனக்கு. அவனுக்கு? அங்கேயும் பாதியில் விழுகிற கம்பையே வைத்துக்கொண்டு, அப்பச்சி சங்கடப்படுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? உயிரோடு இருக்கும்போதுதான் கிடைக்கவில்லை.

"புதுசையே வைங்க" என்றேன்.

கறுப்புக் கம்பைத் தீபத்துக்கு முன்னால் காட்டி, அவன் பெயரைச் சொல்லிப் பெட்டிக்குள் வைத்தார்கள். சங்கு ஊதினார்கள். பெட்டியைப் பூட்டிச் சாவியை விளக்கடியில் வைத்தார்கள். இவர் நிம்மதியாக மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த மூச்சைக் கேட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு சீட்டுக் குலுக்கினார்கள். பழைய கம்பு வயிரவனுக்கு விழுந்தது. இவருடைய பெரியப்பா பேரன், கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். நல்ல பிள்ளை. கூச்சப்பட்டுக்கொண்டே வந்து கம்பை எடுத்தான். எடுத்தவன் சும்மா இருக்காமல் ரீலின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினான். கிர்ரென்று சத்தம் வந்தது.



ரீல்! நூலைச் சுற்றி வைத்திருக்கிற ரீல் பழைய கம்பில் இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கிற புதுக்கம்பில் ரீலும் இல்லை, நூலும் இல்லை, ஒரு முள் கூட இல்லை. வெறுங்கம்பு. மாதக்கணக்கில் வீடியோ பார்த்தவருக்கும் தோன்றவில்லை, கூடவே உட்கார்ந்து கற்றுக்கொண்ட எனக்கும் தோன்றவில்லை. அஜித்தும் கேட்கவில்லை. செத்துப்போன பிள்ளைக்கு என்று சொன்ன பிறகு, வேறென்ன சாமான் வேண்டும் என்று எந்தக் கடைக்காரர் கேட்பார்?

"பெட்டியத் திறங்க!" என்று கத்திவிட்டேன். வளவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ரீலு வைக்கல. திறந்து இதை உள்ள வைங்க."

முருகப்பன் அண்ணன் எழுந்து வந்தார். "பூட்டினது பூட்டினதுதான் தாயி."

"ரீலு இல்லாம அவன் எப்படி வீசுவான்? கும்பிட்டுக்கிட்டு இருக்கவா அந்தக் கம்பு?"

"உனக்காகத் திறந்தா நாளைக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் திறக்கணும். என் அப்பச்சி துணியும் இதுக்குள்ளதான் இருக்கு. யோசிச்சுப் பேசு."

"உங்க அப்பச்சி எம்பது வயசுல போனாக! எம்மகன் கேட்டது இது ஒன்னுதான். அதையும் அரைகுறையா வச்சுப் பூட்டிட்டு யோசிக்கச் சொல்லுறீகளே, நல்லாருக்கா உங்களுக்கு?"

அவர் கோபப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்து மடியில் முடிந்துகொண்டார். அதற்குமேல் நான் என்ன கத்தினாலும் நடக்காது என்று தெரிந்துவிட்டது.

வயிரவன் என் பக்கத்தில் வந்து நின்றான். "சின்னாத்தா, ரீலை மட்டும் கழட்டித் தாரேன். வச்சுக்கிருங்க. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

கழற்றித் தந்தால் நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? வேண்டாம் என்றேன். அவன் கம்பைக் காரின் பின்சீட்டில் குறுக்காக வைத்தான். இவர் ஓடிப்போய், "நுனியப் பாத்துக்கப்பா, கதவுல மாட்டினா ஒடிஞ்சிரும்" என்றார். கார் போன பிறகும் தெருவிலேயே நின்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் இவர் செக்காலை ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு அஜித்தின் கடைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு ரீலோடு வந்தார். வாசல் வரைக்கும் கூடவே வந்த அஜித், "நானாவது கேட்டிருக்கணும்ணே" என்றார். ரீலை என் மடியில் வைத்துவிட்டு இவர் வண்டியை எடுத்தார்.

"அடுத்த படைப்புக்கு இதை வச்சுருவோம்" என்றார்.

வீட்டு வாசலில் நிறுத்திய பிறகு அவரே மறுபடியும் பேச ஆரம்பித்தார்.

"இது உள்ள போனா ஒன்னு வெளிய வரணும்பாகளே நாகம்மை."

"வரணும்."

"அவன் பேருல உள்ள இருக்கிறது அந்தக் கம்பு ஒன்னுதானே?"

"ஆமா."

"அப்ப வேற கம்பு வாங்கி, ரீலை மாட்டியே வைப்போம். அது ஒரே சாமான்தானே? ஒன்னும் சொல்லமாட்டாக."

"வைக்கலாம். அடுத்த வருஷந்தானே?" என்றேன். "அதுவரைக்கும் எம்பிள்ளை என்னங்க செய்வான்?"

அவர் வண்டிச் சாவியைக் கழற்றவில்லை. முன்னால் இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பை வச்சுக்கிட்டுக் கரையில உக்காந்திருப்பான்" என்றார்.