துவைக்கிற கல்லில் ஷந்தால்

வேலைக்குக் கிளம்பும் முன் என் கணவர் மோகன்குமார், துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்று மகளின் ஈரப் பாவாடையைக் கம்பியில் போட்டார். கல்லில் வெட்டியிருந்த எழுத்துக்குள் சோப்பு நுரை தேங்கியிருந்தது. அதைக் கால் விரலால் வழித்துவிட்டு, "ஷந்தாலு, அப்பா போயிட்டு வர்ட்டா?" என்றார். வாயில் இட்லியோடு அவள் தலையாட்டினாள்.

மதியத்துக்குள், பர்கூர் பக்கத்துக் கிரானைட் பட்டறையில் கல் பலகைகளைச் சாய்த்து நிறுத்தும் இரும்பு ஸ்டாண்டு ஒடிந்து, கற்கள் அவர்மேல் சரிந்தன. 2007, ஆடி மாதம். மகளுக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தது.

பிரான்சுக்குப் போகும் கல்லறைக் கற்களை அங்கே அறுத்து, மெருகேற்றி, பெயர் வெட்டி அனுப்புவார்கள். பெயர் வெட்டுவது மோகனின் வேலை. ஷந்தால் என்ற பெயர் அடிக்கடி வரும். பிறந்த ஆண்டு பெரும்பாலும் நாற்பதுகளின் கடைசியாகவோ ஐம்பதுகளாகவோ இருக்கும். சரக்கைப் பார்வையிட வந்த பிரெஞ்சுக்காரியிடம் மேனேஜர் மூலமாகக் காரணம் கேட்டிருக்கிறார். தன் அம்மா காலத்தில் எந்தத் தெருவில் கூப்பிட்டாலும் ஒரு ஷந்தால் திரும்பிப் பார்ப்பாள், இப்போது பிறக்கிற குழந்தைக்கு யாரும் அதை வைப்பதில்லை என்று அவள் சிரித்தாளாம். முதலில் அது ஓர் ஊரின் பெயர். அந்நாட்டுத் தெற்குப் பகுதியின் பழைய பேச்சில் கல் என்று பொருள். அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்ட ஒருத்தி, கணவனை வேட்டையில் பறிகொடுத்து, பிள்ளைகளை வளர்த்து, பிறகு துறவியானாள். அவளைக் கும்பிட்டவர்கள் அந்த ஊர்ப்பெயரைப் பெண்களுக்கு வைக்கத் தொடங்கினார்கள்.

"கல்லுதான் நமக்குச் சோறு போடுது ரஞ்சி. நம்ம பொண்ணுக்கு வேற என்னா பேரு வெக்கறது?" என்றார். எனக்கும் பிடித்திருந்தது.

மாமியார் கெம்பம்மாவுக்கு, இறந்துபோன தன் அம்மா நாகம்மாளின் பெயரை வைக்க ஆசை. பெயர் வைத்த அன்று சாப்பிடாமல் எழுந்து போனார். வெட்டும்போது மூலை உடைந்து கழித்துப்போட்ட ஷந்தால் கல் ஒன்றை மோகன் கொண்டுவந்து, துவைக்கிற கல்லாகப் போட்டார். அதில் மாமியார் ஒரு துணிகூடத் துவைக்கவில்லை.

மோகனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தி எடுத்ததும், அவர் அண்ணன் ஆஞ்சப்பன் தொடங்கினார். அதே பட்டறையில் அவர் சூப்பர்வைசர்.

"அந்தப் பேருக்காரி தாலியறுத்தவன்னு என் தம்பியே சொன்னான். நீயும் பல்ல இளிச்சிக்கினு கேட்டுக்கினு இருந்த."

"ஸ்டாண்டு துருப்புடிச்சிப் போயிருந்திச்சி மாமா. உங்ககிட்ட எத்தன தடவ சொன்னாரு? அத ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

"அந்த ஸ்டாண்டாண்ட எல்லாருந்தான் வேல செய்றோம். உம் புருசன் மேல மட்டும் ஏன் உழுந்திச்சி?"

"பொணத்துக்கு எழுதற பேர பொறந்த புள்ளைக்கு வெச்சா வேற என்னா நடக்கும்?" என்றார் கெம்பம்மா.

"உங்கம்மாவும் செத்தவங்கதான அத்தை?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கம்மா பேரப்புள்ளைங்கள எடுத்துட்டுச் செத்தவடி! விருதுநகர்க்காரிய கட்டாதடான்னு அன்னைக்கே தலையால அடிச்சிக்கினேன். இனி இவ நாகம்மா. முடியாதுன்னா இந்த ஊட்ல உனுக்கு எடமில்ல."

மகளை இழுத்து மடியில் வைத்து, நாக்கில் சர்க்கரையைத் தடவி, அவள் காதில் "நாகம்மா, நாகம்மா, நாகம்மா" என்றார். மகள் சர்க்கரையைச் சப்பிக்கொண்டே என்னைத் தேடினாள்.

"ஷந்தால், வா" என்றேன். இறங்கி வந்தாள்.

நான் துணிகளை எடுத்து வைப்பதற்குள் ஆஞ்சப்பன் கடப்பாரையோடு வெளியே போனார். கல் புரண்டு விழுந்த சத்தம் உள்ளே கேட்டது. அவர்கள் எல்லோருக்கும் அந்தப் பெயர்மேல் இருந்த கோபத்தில் கொஞ்சமாவது அந்த இரும்பின்மேல் இருந்திருந்தால் நான் அங்கேயே இருந்திருப்பேன். அன்று சாயங்காலமே ஒசூர் பஸ் ஏறினேன். சிப்காட்டில் வேலை கிடைத்தது.

முதல் வருஷத் திதிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். புரட்டிப் போட்ட கல்லில் கெம்பம்மா துவைத்துக்கொண்டிருந்தார். எழுத்து மண்ணைப் பார்த்துக் கிடந்தது.

"நாகம்மா, இங்க வாடி" என்றார். மகள் வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்பதுபோலப் பூனையின் பின்னால் போனாள். கெம்பம்மா துணியை ஓங்கி அடித்தார்.

பந்தியில் ஆஞ்சப்பனுக்கு நான்தான் ரசம் ஊற்றினேன்.

"ஸ்டாண்ட மாத்தியாச்சா மாமா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பக்கத்து இலையில் இருந்த அஜித்குமார், மோகனுக்குக் கீழே வேலை பழகியவன், தலை நிமிராமல் சொன்னான்.

"அதே ஸ்டாண்டுதாங்க்கா. பெயிண்டு அடிச்சிருக்காங்க."