கண்ணாடிக் கூண்டில் முழுங்கிய வரி

1.

ஒருத்தி ஒரு வரியை முழுங்கினாள், அதில் பிறந்தது இந்தக் கதை. அந்த ஒருத்தி நான்தான். இப்போதே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். கடைசிப் பக்கத்தில் முகமூடியைக் கழற்றிக் காட்டி உங்களை அசத்துகிற சாமர்த்தியமெல்லாம் எனக்குக் கிடையாது.

ஆனாலும் அவளை 'அவள்' என்றுதான் எழுதப்போகிறேன். அவள் கூட்டங்களில் உடனுக்குடன் மொழிபெயர்க்கிறவள். அந்தத் தொழிலில் கண்டிப்பான ஒரு வழக்கம் உண்டு. பேசுகிறவர் 'நான்' என்றால் மொழிபெயர்க்கிறவளும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் என்ன சொல்கிறாரென்றால்' என்று ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. மீன்வளத் துறை அமைச்சர் வருந்தினால் அவளும் வருந்தியாக வேண்டும். பதினெட்டு வருஷம் ஊரார் 'நான்'களைச் சொல்லிவிட்டு, சொந்தமாக ஒன்று எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

(கூசுகிறது என்பதுதான் உண்மை. கை ஓடவில்லை என்பது சப்பைக்கட்டு.)

2.

முதல் தொடக்கம்: 'கடலைச் சுற்றியிருந்த ஒன்பது நாடுகளும் ஆண்டுக்கொரு முறை பாட்டால் ஒன்றுசேர்ந்தன. அந்த இனிய—' வேண்டாம். சுற்றுலாத் துறைக் கையேடு மாதிரி இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: 'கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள்.' பச்சைப் பொய். அவள் அழவில்லை. ஒலிவாங்கியை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

சரி, நடந்தபடியே சொல்கிறேன். காலை பத்தரை. நீள மேசையைச் சுற்றி ஒன்பது நாட்டுத் தொலைக்காட்சி நிலையங்களிலிருந்து நாட்டுக்கொருவர். சுவரோரம் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் இரண்டு நாற்காலி, இரண்டு ஹெட்போன். ஒன்றில் அவள், இன்னொன்றில் அவளைவிடப் பத்து வயது மூத்த, அவள் அக்கா என்று கூப்பிடுகிற சக மொழிபெயர்ப்பாளர். அரைமணிக்கு ஒருத்தி பேசுவாள், மற்றவள் பெயர்களையும் எண்களையும் துண்டுச் சீட்டில் எழுதி நகர்த்துவாள். அன்றைக்குப் பேச வேண்டியது ஒரே விஷயம். இந்த ஒன்பது நாட்டுப் பாட்டுப் போட்டியில் வெளிநாடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாமா, கூடாதா?

3.

இந்த இடத்தில் கூடாது என்றவர்களைக் கெட்டவர்களாக்கிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். இரண்டு முறை எழுதிப் பார்த்துக் கிழித்தேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சின்னத் தீவிலிருந்து வந்த பெரியவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வெளியுலகத்துக்குப் பாடிக் காட்ட இந்த ஒரு மேடைதான் இருக்கிறது, இன்றைக்கு ஒருவரை விட்டால் நாளைக்குப் பெரிய நாடுகள் வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்ளும், தொலைபேசியில் வாக்குப் போட அவர்களிடம் கோடிக்கணக்கில் ஜனம் இருக்கிறது, எங்களிடம் அறுபதாயிரம் பேர், அதிலும் பாதிப் பேர் ஒன்பது மணிக்கே தூங்கிவிடுவார்கள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பிறகு அந்த வெளிநாட்டிலிருந்து இடம் கேட்க வந்தவர் எழுந்தார். தன் நாட்டு வானொலியில் சேர்ந்திசைக் குழுவுக்குப் பாட்டுச் சொல்லித்தருகிறவர். கூண்டுக்குள் அவருக்கு அக்கா வைத்த பெயர் கோரஸ் வாத்தியார். சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையவில்லை, கையில் குறிப்பு இல்லை. அவருடைய மொழி அந்த அறையில் வேறு இரண்டே பேருக்குத்தான் தெரியும், இரண்டு பேரும் கூண்டுக்குள் இருந்தார்கள்.

அவர் பேசியதை முழுசாகத் தருகிறேன்.

"எங்களைச் சுத்தி இருக்கிற எந்த வட்டாரமும் எங்களைச் சேர்த்துக்கல. உங்க போட்டியைத்தான் எங்க ஜனங்க வருஷா வருஷம் பார்க்குறாங்க. நாங்க ஜெயிக்க வரல. எல்லாருக்கும் கடைசியில எங்களைப் போடுங்க, மார்க்குகூட வேணாம். பட்டியல்ல எங்க பேரு இருந்தாப் போதும். நான் உங்ககிட்ட கெஞ்சிக் கேக்குறேன்."

முதல் இரண்டு வாக்கியத்தை அவள் அப்படியே சொன்னாள். மூன்றாவதிலிருந்து நாக்கு எழவில்லை. கடைசியில் நான் கெஞ்சுகிறேன் என்று சொல்ல வேண்டியவள் அவள். தன் குரலில், சம்பளம் தருகிற ஆட்கள் முன்னால். மென்று முழுங்கிவிட்டு, "எங்களைச் சேர்த்துக்கொள்வதே முறை என்று கருதுகிறோம், நன்றி" என்று முடித்துவிட்டாள்.

4.

ஏன் செய்தாள்? மூன்று காரணம் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த மனிதரின் மரியாதையைக் காப்பாற்ற. (இதைத்தான் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவரும் நம்பினார். நல்ல மனிதர்.)

கெஞ்சுகிற வார்த்தை தன் வாயில் வருவது அவளுக்குக் கேவலமாக இருந்தது.

அவர்கள் வர வேண்டாமென்று அவளுக்கே உள்ளுக்குள்— இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் முடியவில்லை. போட்டியில் அவள் நாடு வருஷா வருஷம் ஒன்பதில் எட்டாவது இடம். புதிதாக ஒருவர் வந்து நன்றாகப் பாடித் தொலைத்தால் என்ன ஆகுமென்று உங்களுக்கே தெரியும்.

திருத்தச் சமயம் இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். தவறு நேர்ந்தால், 'மொழிபெயர்ப்பாளர் திருத்துகிறார்' என்று சொல்லிச் சரிசெய்துகொள்ளலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள். அக்கா துண்டுச் சீட்டில் விட்டுப்போனதை எழுதி அவள் பக்கம் நகர்த்தினாள். அவள் அதன்மேல் தண்ணீர்க் கோப்பையை வைத்தாள்.

"அந்தக் கடைசி வரியையே விட்டுட்டியேடி," என்றாள் அக்கா, ஒலிவாங்கி அணைந்த பிறகு.

"சுருக்கிச் சொன்னேன்க்கா."

ஒலிவாங்கிப் பொத்தான் அக்காவின் கைக்கும் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவளை இதில் இழுத்துவிடப் பார்க்கிறேனோ? ஆமாம். துணைக்கு ஆள் தேடுகிறேன்.

5.

கை தூக்கினார்கள். சேர்க்கலாம் நான்கு, கூடாது ஐந்து.

இடைவேளையில் நடைபாதையில், ஒன்பது பேரில் ஒருவரான கூட்டத் தலைவர் அவளிடம் பேச்சுவாக்கில் சொன்னார். "நான் சேர்க்கலாம்னுதான் நெனைச்சு வந்தேன்மா. அந்த ஆளு கொஞ்சம் இறங்கி வந்திருக்கலாம். முறையாம்ல, முறை! என்னா திமிரு."

அவள் காப்பியை வாயில் வைத்தபடியே நின்றாள். தரையில் விழுந்து கேட்ட மனிதரைத் திமிர் பிடித்தவர் ஆக்கியாயிற்று. அப்போதாவது சொல்லியிருக்கலாம், தலைவர் இரண்டடி தூரத்தில் பிஸ்கட்டைத்தான் நனைத்துக்கொண்டிருந்தார். சொன்னால் வேலை போகும். அதைவிட, இப்படிப்பட்டவள் என்று தெரிந்துபோகும்.

கோரஸ் வாத்தியார் அவளைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கடைசியாகப் பேசியதை இரண்டு நாள் ஒத்திகை பார்த்தாராம், கண்ணாடி முன்னால் நின்று. மனைவிகூட இவ்வளவு இறங்க வேண்டாமென்றாராம்.

"அப்படியே சொன்னீங்களாம்மா?"

"சொன்னேன்," என்றாள் அவள். அவர் மொழியில், நல்ல உச்சரிப்போடு.

6.

முடிவுகள்.

(அ) அவள் ஓடிப்போய்த் தலைவரிடம் உண்மையைச் சொல்கிறாள், மறுவாக்கெடுப்பு நடக்கிறது. எழுதினேன். படிக்க நன்றாகவே இருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன்.

(ஆ) வருஷங்கள் கழித்து அவரே கண்டுபிடித்து மன்னிக்கிறார். மன்னிப்பை நானே எழுதி நானே வாங்கிக்கொள்வதா? அதற்கும் ஒரு அளவு உண்டு.

(இ) யாருக்கும் தெரியாமலே போகிறது. போன வாரம் வரைக்கும் இதுதான் கதை. வீட்டுக்காரர் படித்துவிட்டு, யாருக்கும் தெரியாததை எதற்கு நீயாகப் போய்ச் சொல்கிறாய் என்றார். இந்த முறை உண்மைக் காரணத்தையும் படித்திருந்தார். அன்றைக்குச் சாப்பிடும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

7.

போன வியாழக்கிழமை கடிதம் வந்தது. அடுத்த மாதம் அவர்கள் மறுபடி விண்ணப்பிக்கிறார்கள். கோரஸ் வாத்தியார் தன் கையால் எழுதியிருக்கிறார். காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் நடக்கவில்லை, கெஞ்சியதால்தான் மலிவாக நினைத்துவிட்டார்கள் என்று எங்கள் ஆட்கள் சொல்கிறார்கள், இந்த முறை நிமிர்ந்து நின்று, எங்களைச் சேர்ப்பதே முறை என்று பேசப்போகிறேன் என்கிறார். கூண்டில் வேறு யாரும் வேண்டாம், நான் சொன்னதைச் சொன்னபடி சொன்ன நீங்களே இருக்க வேண்டும் என்று அமைப்பாளர்களையும் கேட்டிருக்கிறாராம்.

அதே தலைவர்தான். அதே மேசைதான். இந்த மனிதர் போய் அதே வார்த்தையைச் சொல்லப்போகிறார், இந்தத் தடவை தன் வாயாலேயே.

அவருக்கு எழுதியாக வேண்டும். அதற்காகத்தான் இதை மறுபடி ஆரம்பித்தேன், கதை கதை என்று உங்களை ஏமாற்றிக்கொண்டு. எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், ஒன்றையும் பூசி மெழுகவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. இதை அவர் மொழியில் சொல்லத் தெரிந்தவர்களில் அக்காவின் முகத்தில் முழிக்க எனக்கு வக்கில்லை.

மீதி இருப்பது நான்தான். இன்று காலை மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குள் ஆறு பகுதி முடிந்தது. சரிபார்த்தபோது நான்காவது பகுதியில் ஒரு காரணத்தைக் காணோம்.

எதுவென்று உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் இப்போது அக்காவின் நாற்காலியில் இருக்கிறீர்கள்.