ஒரே பெயரில் இரண்டு பெட்டிகள்

பதிவுக் கவுன்ட்டரில் சுலோச்சனா அந்தச் சீட்டை இரண்டாம் முறையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரோட சீட்டும்மா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அந்தக் கண் மருத்துவமனைக்கு யார் வந்தாலும் அம்மா, ஐயா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது மார்த்தாள் சிஸ்டர் வைத்த சட்டம். ஆனாலும் கூடத்து பெஞ்சுகளில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். செங்கேணி ஒரு கையில் மாற்றுப் புடவை வைத்த மஞ்சள் பையோடும், மறு கையை மகள் கலாவின் தோளில் வைத்தும் நின்றிருந்தாள்.

"என்னுதுதான் தாயீ."

"இந்த நம்பர்ல சுப்பிரமணின்னு ஒரு ஐயா பேரு கீது. அவருக்கு ஆபரேசனே முடிஞ்சிடுச்சி. சீட்டக் காணோம்னு தேடிக்கினு இருந்தாரு. உங்க கைக்கு எப்டி வந்திச்சி?"

செங்கேணிக்கு முன்பே கலாவுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. "நாங்க எதையும் எடுக்கலக்கா," என்றாள். ஏரிக்கரை இருளர் குடிசைகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எந்த மரியாதையோடு வந்தாலும் அடையாளம் தெரியும். ஊரில் ஒரு கோழி காணாமல் போனாலும் முதலில் அங்கே வந்துதான் கேட்பார்கள்.

கம்ப்யூட்டர் அறையின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தினகரன் நின்றுகொண்டிருந்தான். ஒவ்வொரு சொல்லும் அவனுக்குக் கேட்டது. கதவின் கைப்பிடியில் அவன் கை இருந்தது. இழுத்துத் திறந்தால் போதும்.

அந்த அறையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. நோயாளிகளின் விவரமெல்லாம் இருந்த பழைய சர்வர், சில மாதங்களாக ஆட்டுக்கல்லில் மணல் விழுந்ததுபோல் ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அது நின்றுபோவதற்குள் அதைப் போலவே இன்னொன்றைத் தயார் செய்து வைக்கும்படி தினகரனிடம் சொல்லியிருந்தார்கள். தினமும் சாயங்காலம் பழைய பெட்டியில் இருப்பதை அப்படியே ஒரு காந்த நாடாவில் பதிந்து பூட்டி வைப்பது அவன் வேலை. நாடாவில் இருப்பது, பதிந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அந்த நிலை. அதைப் புதுப் பெட்டியில் இறக்கினால் இரண்டாவது ஒன்று பிறந்துவிடும். அதே பெயர், அதே விவரம். கவுன்ட்டர் கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் கவுன்ட்டரோடு இணைக்கும் வயர் இரண்டில் ஒன்றில்தான் இருக்க வேண்டும்.

சில நாட்களுக்கு முன், ஆடி வெள்ளிக்கிழமை அது. சோதனைக்குத்தானே என்று ஒரு பழைய நாடாவை எடுத்துப் புதுப் பெட்டியில் இறக்கியிருந்தான். வயரைப் பழையதிலிருந்து பிடுங்கிப் புதியதில் மாட்டினான். கவுன்ட்டர் மறுபேச்சில்லாமல் அதோடு பேச ஆரம்பித்தது. அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த நேரத்தில் பக்கத்து மாரியம்மன் கோயிலில் பம்பைச் சத்தம் கேட்டது. கூழ் வார்க்கிறார்கள். அம்மனுக்கு நன்றி சொல்லி ஒரு சொம்பு குடித்துவிட்டு வரலாம் என்று போனான். வயரைத் திருப்பி மாட்டவில்லை.

அவன் வரிசையில் நின்ற நேரத்தில் காவாந்தண்டலம் பக்கத்திலிருந்து மருத்துவமனை வண்டி வந்தது. கண்ணில் புரை முற்றியவர்களை அழைத்து வந்திருந்தார்கள்; செங்கேணியும் அவர்களில் ஒருத்தி. சுலோச்சனா பெயர்களை ஏற்றினாள். புதுப் பெட்டிக்குத் தெரிந்தது பழைய நாடாவின் காலம் மட்டும். அதற்குப் பிறகு கொடுக்கப்பட்ட எண்களை அது அறியாது. ஆகவே வேறு யாருக்கோ கொடுத்த எண்களையே மறுபடியும் கொடுத்தது. அட்டைச் சீட்டில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் பெட்டிக்குள். தினகரன் திருநீறோடு திரும்பி வந்தான், வயரை மாற்றினான், அடுத்த சோதனைக்காகப் புதுப் பெட்டியைத் துடைத்து வெறுமையாக்கினான். வண்டியில் வந்தவர்களின் பெயர்கள் எங்குமே இல்லை என்பது சாயங்காலம்தான் தெரிந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் எப்படியும் குறித்த நாளில் ஆபரேஷனுக்கு வருவார்கள். வாசலிலேயே நிறுத்தி, சீட்டை வாங்கிக்கொண்டு, வேறு எண் போட்டுக் கொடுத்துவிட்டால் யாருக்கும் எதுவும் ஆகாது. அவன் கணக்கு அதுதான். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்ததில் அவனுக்கு நிம்மதிகூட இருந்தது. ஆனால் செங்கேணி, எங்கே பஸ் கிடைக்காமல் நேரமாகிவிடுமோ என்று பயந்து முந்தின நாளே வந்துவிட்டாள்.

அவளை அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் வீட்டு நிலத்தில் களையெடுத்தவள். சென்ற தையில் கண் மங்கிப்போய், களை என்று நினைத்து நாற்றைப் பிடுங்கிவிட்டாள். அவன் அம்மா அதற்குப் பிறகு அவளைக் கூப்பிடவில்லை. பிறகு யாருமே கூப்பிடவில்லை. இந்தக் கண் சரியானால்தான் அவளுக்கு வயலில் கால் வைக்க வழி.

"சரி, நீங்க போய்ட்டு அப்றம் வாங்கம்மா, கேட்டுச் சொல்றோம்," என்று சுலோச்சனா சீட்டைத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். கலாவின் தோளைப் பிடித்தபடி செங்கேணி கூடத்தைக் கடந்து போனாள். பெஞ்சில் இருந்த ஒரு பெண் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டதைத் தினகரன் பார்த்தான். அப்போதும் கைப்பிடியை அவன் இழுக்கவில்லை.

அவர்கள் வெளியே போன பிறகுதான் பின்வாசல் வழியாக ஓடினான். சாலைக்கு எதிர்ப்பக்கம், பஸ் நிறுத்தத்துப் புளியமர நிழலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவனைப் பார்த்ததும் கலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செங்கேணி குரலை வைத்து ஆளைக் கண்டுகொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்றதும், நகர்ந்து உட்கார்ந்து நிழலில் அவனுக்கு இடம் விட்டாள்.

"அது... கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும்மா," என்றான். வீட்டில் அவளை அம்மா என்று அவன் கூப்பிட்டதே இல்லை. "மிசினு நம்பர மாத்திக் குடுத்திடுச்சி. நான் சரி பண்ணிடறேன். உள்ள வாங்க."

"அங்க நா வரல நைனா." செங்கேணி மெதுவாகத்தான் சொன்னாள். "அத்தினி பேரும் பாத்தாங்க. எனுக்குக் கண்ணுதான் தெரில, பாக்கறாங்கன்னு தெரியும்."

"எங்கம்மா ராவெல்லாம் தூங்கல, ஆபரேசன்னு," என்றாள் கலா. "இப்ப திருடிப் பட்டம் வாங்கிக்கினு போவுது."

"சும்மா இருடி. மிசினுன்னு நைனா சொல்றாரில்ல. அதுக்கு இன்னா தெரியும் பாவம்? நானும்தான் களைன்னு நெனச்சி நாத்தப் புடுங்கனேன். வேணும்னா புடுங்கனேன்?"

பிறகு மஞ்சள் பைக்குள் கையை விட்டு ஒரு இலைப் பொட்டலத்தை எடுத்தாள். வண்டியில் ஏறும்போது கையைப் பிடித்து ஏற்றிவிட்ட நர்சம்மாவுக்காகப் பறித்தது என்றாள். இனி தான் கொடுக்கப்போவதில்லை, நீங்களே கொடுத்துவிடுங்கள் என்று அவன் இருந்த பக்கம் உத்தேசமாக நீட்டினாள். களாப்பழம். தடவிப் பார்த்துப் பறித்திருக்கிறாள். கறுத்துப் பழுத்தவற்றுக்கு நடுவே பச்சைக் காய்களும் கிடந்தன.

தினகரன் பொட்டலத்தோடு சாலையைக் கடந்தான். மிசினு பாவம் என்ற சொல் கூடவே வந்தது. ஒன்றும் அறியாத ஒரு பெட்டியின் மேல் பழியைப் போட்டான். அதைக்கூட அவள் மன்னித்துவிட்டாள். தனியாக அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் தன் மனம் ஆறும். ஆனால் அவள் பேர் கெட்டது மரத்தடியில் இல்லை, கூடத்தில். பின்வாசல் பக்கம் திரும்பிய கால்களை நிறுத்தி, முன்வாசலில் ஏறினான்.

செங்கேணி சொன்ன நர்சம்மாவான மார்த்தாள் சிஸ்டர் கவுன்ட்டர் அருகில் நின்று ஒரு பெரியவருக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். தினகரன் பொட்டலத்தைக் கவுன்ட்டரில் வைத்தான். பின் பெஞ்சுவரை கேட்கும்படி பேசினான்.

"சிஸ்டர், இப்ப போனாங்களே அந்தம்மா, அவங்க யார் சீட்டையும் எடுக்கல. நாம குடுத்த சீட்டுதான். ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் போனது என்னால. வயர மாட்டாம நான் கோயிலுக்குப் போயிட்டேன்."

சுலோச்சனா கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். பையை மடியில் வைத்திருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சிஸ்டர் பெரியவரின் கண்ணோரம் வழிந்த மருந்தைப் பஞ்சால் துடைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"அன்னைக்கு சாயங்காலமே தெரியும் சிஸ்டர்."

சிஸ்டர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். பச்சைக் காய் ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டியபடி, "எங்க இருக்காங்க?" என்றார். அவன் கையைக் காட்டினான். சுலோச்சனாவிடமிருந்து சீட்டை வாங்கிக்கொண்டு சிஸ்டர் வெயிலில் இறங்கினார்.

தினகரன் வாசல்படியில் நின்றான். கூட்டம் அவன் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தது. வேலை இருக்குமா என்று ஒரு கணம் நினைத்தான். அதற்குள் உத்திரமேரூரிலிருந்து வந்த பஸ் ஹாரன் அடித்தபடி நிறுத்தத்தில் நின்று மரத்தையும் நிழலையும் மறைத்தது. மறுபக்கத்தில் நடப்பது எதுவும் தெரியவில்லை. பஸ்ஸின் அடியில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, ஒரு துண்டு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அவன் குனிந்து பார்த்தான். சிஸ்டரின் வெள்ளைச் செருப்புகள் வேகமாகப் போய் நின்றன. அவற்றுக்கு எதிரே, பஸ்ஸைப் பார்த்து அடி எடுத்து வைத்திருந்த இரண்டு வெறும் பாதங்கள், அந்த இடத்திலேயே நின்று, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் புழுதியில் விரல்களை ஊன்றிக்கொண்டிருந்தன.