ரோலருக்குப் பச்சைதான்

எங்கள் அண்ணன் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவன். நான் மட்டும் என்ன, இரண்டரைக் கால் என்று சாதிப்பவள். இது தெரிந்தும் அப்பா அந்தப் பழைய டீசல் ரோடு ரோலரை இரண்டு பேர் பேரிலும் சேர்த்து எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். புண்ணியவான்!

ரோலருக்கு என்னைவிட வயது அதிகம். ரேடியேட்டர் பித்தளை, இணைப்பெல்லாம் ஈயப் பற்று. இன்ஜின் சூட்டைத் தணிக்க அதற்குப் பழைய பச்சைக் கூலன்ட்தான் ஆகும் என்பது என் கட்சி. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து கை கறுத்தவள் நான், சும்மா சொல்லவில்லை. புது வண்டிகளுக்கென்று வரும் சிவப்புக் கூலன்ட் அந்த ஈயத்தை நாளடைவில் அரித்துவிடும். லாரி ஓட்டிய அண்ணனோ, "சிவப்புதான் ரொம்ப நாள் நிக்கும்" என்பான். ஒருநாள் இன்ஜின் கேஸ்கெட் போய்த் தண்ணீர் ஒழுகியது. உன்னால்தான், உன்னால்தான் என்று ஆரம்பித்து, அப்பா யாரை அதிகம் கொஞ்சினார் என்பதுவரை போய், அத்தோடு எங்கள் பேச்சு நின்றது.

ரோலர் நிற்கவில்லை. வருஷக்கணக்காகப் புதன் அவனுக்கு, ஞாயிறு எனக்கு. ஷெட்டைத் திறந்து, கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டு, மூடிவிட்டு வருவோம். ஞாயிறு காலை ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் சிவப்பு என்னைப் பார்த்துப் பல்லிளிக்கும். "உருப்படுவியாடா நீ!" என்று இல்லாதவனைத் திட்டிக்கொண்டே அதை வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, பச்சையை ஊற்றுவேன். புதன்கிழமை அவன் வந்து அதை வடித்து, அலசி, சிவப்பை ஊற்றுவான். ஒன்று சொல்ல வேண்டும், இரண்டையும் கலக்க மட்டும் மாட்டோம். கலந்தால் கூழாகி உள்ளே அடைத்துக்கொள்ளும். நாங்கள் சண்டைக்காரர்கள்தான், கொலைகாரர்கள் இல்லை.

டீசலிலும் இதே கூத்துதான். இப்போது வருகிற டீசலில் கந்தகம் குறைவு, அதனால் வழவழப்பும் குறைவு. பழைய பம்ப்புக்கு அந்த வழவழப்புப் போதாமல் தேய்ந்துவிடும். அதற்காக நான் கடையில் விற்கிற அடிட்டிவை அளந்து டேங்கில் விடுவேன். அவனுக்கு டூ-ஸ்ட்ரோக் ஆயில்தான் வேதம். காலி டப்பாவை என் கண்ணில் படட்டும் என்றே சீட்டின் மேல் வைத்துவிட்டுப் போவான். நானும் என் பாட்டிலை அங்கேயே வைப்பேன்.

"உங்க ரெண்டு பேர் சண்டையிலதான்க்கா எங்க வீட்டு அடுப்பு எரியுது. நூறு வயசு இருங்க" என்பார் ஸ்பேர்ஸ் கடைக்காரர்.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு. எனக்குக் கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. மாடி அறையில் ஒண்டிக்கட்டை. ரிட்டயரான பிறகு டிவியோடுதான் பேச்சு. வாரத்தில் ஒரு மனுஷன் எனக்காக மெனக்கெட்டு ஒரு காரியம் செய்கிறான் என்றால், அது அந்தச் சிவப்புத் தண்ணீர் ஊற்றுவதுதான். அதுவும் போய்விட்டால் எனக்கு யாருமே இல்லை என்பது எனக்குத் தெரியும். சனிக்கிழமை ராத்திரியே திட்டுவதற்கு வார்த்தை சேர்க்க ஆரம்பித்துவிடுவேன்.

போன ஞாயிறு மூடியைத் திறந்தேன். பச்சை! நான் ஊற்றியதே, விளிம்புவரை இருந்தது. சீட்டின் மேல் நான் வாங்குகிற அதே அடிட்டிவ் பாட்டில், புதுசு, கொஞ்சம் செலவாகியிருந்தது. அப்படியானால் அவன் வந்திருக்கிறான்.

"ஜெயிச்சுட்டேன்!" என்று வாய்விட்டுக் கத்தினேன். கேட்க ஆளில்லை. மறுபடி எட்டிப் பார்த்தேன், பச்சையேதான். எங்கள் அண்ணனாவது, விட்டுக்கொடுப்பதாவது! கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் அவன் வீட்டுக்கு நடந்தேன்.

வாசலில் ஒரு கார். டிக்கி நிறையப் பெட்டிகள். அண்ணிதான் என்னை முதலில் பார்த்தாள்.

"அடேயப்பா, வழி தெரிஞ்சுதா? பையன் எங்களை அவன் ஊருக்குக் கூட்டிட்டுப் போறான். இனிமே அவன்கூடத்தான். தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே இந்த மனுஷன்!"

அண்ணன் வெளியே வந்தான். ரொம்ப மெலிந்திருந்தான். என்ன பேசுவதென்று தெரியாமல் நான் சண்டைக்கே போனேன்.

"ஏன் பச்சையை வடிக்கல?"

"இனி நீதானே பாத்துக்கணும். பச்சையே இருக்கட்டும். அந்த ரேடியேட்டருக்கு அதான் சரி."

"இப்பத்தான் ஞானம் வந்துச்சாக்கும்?"

"முதல் வருஷமே தெரியும்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெரிஞ்சேதான் ஊத்தினியா? ஞாயித்துக்கிழமை ஆனா என் இடுப்பு ஒடியுமே, தெரியுமா உனக்கு?"

"நாலு நாள்ல நீ வடிச்சிடுவே, ஈயத்துக்கு ஒண்ணும் ஆகாது." அவன் கார் கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். "புதன்கிழமை வந்து மூடியைத் திறப்பேன். பச்சையா இருந்தா, சரி, தங்கச்சி நல்லா நடமாடிட்டுத்தான் இருக்கான்னு தெரிஞ்சுக்குவேன். வேற எப்படித் தெரியும்? நீயும் பேச மாட்டே, நானும் பேச மாட்டேன்."

போகாதே என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. பையன் ஹாரன் அடித்தான்.

"இனிமே எப்படித் தெரிஞ்சுக்குவே?" என்றேன்.

"போன் பண்றேன்மா" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான்.

கார் தெருமுனை திரும்பும்வரை கையாட்டிக்கொண்டு நின்றேன். அதன் பிறகுதான் உறைத்தது. என் போன், பேச்சு நின்ற பிறகு வாங்கியது. அதன் நம்பர் அவர்களில் யாரிடமும் இல்லை.