கடைசி சீட்டுக் கல்

தங்கப்பாண்டியனின் ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் கடைசி சீட்டின் ஓரத்தில் யார் உட்காருகிறார்களோ, கல் வைக்கிற வேலை அவர்களுடையது. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற வழியில் வண்டி எங்கே நின்றாலும், அவர்தான் முதலில் குதித்து, காலடியில் கிடக்கும் கருங்கல்லைத் தூக்கிப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தங்கப்பாண்டியன் பிரேக்கிலிருந்து காலை எடுப்பான். ஹேண்ட்பிரேக் என்று ஒன்று இருந்தது. இருந்தது, அவ்வளவுதான்.

ஆறு வருஷமாக அந்த ஓரம் கிருபாவதிக்கு. உள்ளே உட்கார்ந்தால் வளைவுக்கு வளைவு குமட்டும் என்று அவளே கேட்டு வாங்கிய இடம். கூட வருகிற பெண்கள் அவளுக்குக் கல்லுக்காரி என்று பேர் வைத்தார்கள். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் அவள் புருஷன் பொன்னுராஜுக்குத்தான். ஏனென்றால் அவன் ஜீப் மெக்கானிக். மெட்டு ரோட்டில் அவன் ஷெட்டைத் தாண்டித்தான் அந்த வண்டி தினமும் மலை ஏறுகிறது.

"ஊரு வண்டிக்கெல்லாம் பிரேக் பாக்குறீக, வீட்டுக்காரம்மா மட்டும் கல்லு தூக்குறாக," என்று டீக்கடையில் ஒருவன் சொன்னான். பொன்னுராஜ் சிரித்து வைத்தான். அன்று முழுக்க ஷெட்டில் எவன் பேசினாலும் எரிந்து விழுந்தான்.

போன மாதம் ஒரு நாள் அவள் கல்லை வைக்கும்போது வண்டி ஒரு சாண் பின்னால் வந்துவிட்டது. கல்லுக்கும் டயருக்கும் நடுவில் மோதிர விரல். எலும்பு தப்பியது, நகம் போய்விட்டது. துணி சுற்றிய விரலோடு அவள் மறுநாளும் ஏலக்காய் எடுக்கப் போனாள். ஓரத்திலேயே உட்கார்ந்தாள். பொன்னுராஜ் அதைப் பார்த்தான். அடுத்த தடவை விரல் போகும், இல்லை கையே போகும். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கம் ஓடிக்கொண்டிருக்க, அவன் மனசு தங்கப்பாண்டியனின் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தது.

சக்கரத்துக்குப் போகும் ஹேண்ட்பிரேக் கேபிளில் எத்தனை கிரீஸ் வைத்தாலும் தோட்டத்துச் சகதியில் மூன்றே நாளில் துருப்பிடித்து இறுகிவிடும். அதனால் சக்கரத்தையே விட்டுவிடுவது என்று முடிவு செய்தான். கியர்பாக்ஸுக்குப் பின்னால், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துவிடும் டிரான்ஸ்பர் கேஸ் இருக்கிறது. பின்சக்கரங்களுக்குப் போகிற ஷாஃப்ட் அதிலிருந்துதான் புறப்படுகிறது. புறப்படுகிற வாசலிலேயே ஒரு டிரம் மாட்டி ஷாஃப்டைப் பிடித்துவிட்டால், சகதியும் கிடையாது, கேபிளும் கிடையாது. பழைய ஜீப்புகளில் கம்பெனியே அப்படித்தான் கொடுத்திருந்தது. தேனியில் ஒரு பழைய இரும்புக் கடையில் அந்த டிரம்மும் தட்டும், டிரம்மை அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூவும் மொத்தமாகக் கிடைத்தன.

அடுத்த சனிக்கிழமை ஜீப்பை ஷெட்டுக்கு வரச்சொல்லி ஷாஃப்டை இறக்கி, டிரம்மை மாட்டி, நட்டை இறுக்கினான். லீவரை இழுத்தால் வண்டி வழுக்கியது. கழற்றிப் பார்த்தால் ஷூவெல்லாம் எண்ணெய். டிரான்ஸ்பர் கேஸின் ஆயில் சீல் கசிந்திருக்கிறது. "சனியனே, இத மொதல்ல பாத்திருக்கணும்ல," என்று தன்னையே திட்டிக்கொண்டான். புதுச் சீல் போட்டு, புது ஷூ ஒட்டி, ஞாயிறு சாயங்காலம் மறுபடி மாட்டினான். இந்தத் தடவை லீவர் நாலாவது பல்லிலேயே கெட்டியாக நின்றது.

பழைய கேபிள்களை வெட்டியெடுத்து மூலையில் வீசினான்.

"அது பாட்டுக்குக் கெடந்துட்டுப் போகுதுண்ணே," என்றான் தங்கப்பாண்டியன்.

"எதுக்குப்பா அந்த அரணாக்கயிறு? இனி அதுக்கு வேலையே இல்ல."

திங்கட்கிழமை காலையில் மெட்டு ரோட்டின் முதல் ஏற்றத்தில், பதினோரு பெண்களும் தூக்குச்சட்டிகளுமாக, பொன்னுராஜ் வண்டியை நிறுத்தச் சொன்னான். லீவரை இழுத்தான். "காலை எடு," என்றான். தங்கப்பாண்டியன் பயந்து பயந்து காலை எடுத்தான். வண்டி அசையவில்லை. பொன்னுராஜ் முன்னால் போய் பம்பரில் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தான். ம்ஹூம்! பெண்கள் குலவை போட்டுவிட்டார்கள். அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பதினெட்டு வருஷத் தொழிலில் எவரும் அவனுக்காகக் குலவை போட்டதில்லை.

"இனி கல்லே வேணாம் தாயி. தூக்கிப் பள்ளத்துல எறி," என்றான் பெண்டாட்டியிடம்.

கிருபாவதி எறியவில்லை. "எனக்குக் காலு எட்டல. கால் வச்சுக்க ஆகும், கெடக்கட்டும்," என்று கல்லை சீட்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டாள். அவள் குட்டைதான், பொய் இல்லை. ஆனாலும் அவனுக்குச் சுருக்கென்றது.

எட்டு நாள் சுகமாகப் போனது. கிருபாவதி மகாராணி மாதிரி கடைசியாக இறங்கினாள். விரலில் புது நகம் அரிசி அளவுக்கு முளைத்தது.

ஒன்பதாவது நாள் காலை டீக்கடையில் பொன்னுராஜின் போன் அடித்தது.

"ஏங்க, அடுப்புல பால் வச்சேன். அணைச்சேனா தெரியல. வீட்டுல செத்த போய்ப் பாருங்க."

"சரி. எங்கன இருக்கீக?"

"அஞ்சாவது வளைவுல. பின்டயர் பங்க்சர். எல்லாரும் எறங்கிட்டோம். தங்கப்பாண்டி ஜாக்கி போடுறாக."

டீ கிளாஸ் அவன் கையிலேயே நின்றது. "ஏ கிருபா, ஜாக்கிய ஏத்த விடாத! கல்லு வச்சுட்டு ஏத்தச் சொல்லு! கேக்குதா?"

கேட்கவில்லை. மலையில் கேரள டவருக்கு மாறும் இடம் அது. திரும்பத் திரும்ப அடித்தான். தங்கப்பாண்டியனுக்கும் அடித்தான். இரண்டு நம்பரிலும் மலையாளத்தில் ஒரு பெண்ணின் பதிவுக் குரல்தான் ஏதோ சொன்னது.

அந்த பிரேக் பிடிப்பது சக்கரத்தை இல்லை, நடுவில் ஓடும் ஷாஃப்டை. இரண்டு பின்சக்கரமும் தரையில் இருக்கிறவரை வண்டி நகராது. ஒன்றைத் தூக்கினால் போச்சு. ஷாஃப்ட் நின்றாலும் அச்சு நடுவிலுள்ள பல்சக்கரங்கள் விட்டுக்கொடுக்க, தூக்கின சக்கரம் காற்றில் ஒரு பக்கம் சுற்றும், தரையில் இருப்பது மறுபக்கம் தாராளமாக உருளும். கியரில் போட்டு வைத்தாலும் இதே கதைதான், கியரும் அதே ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. முன்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டை டீசல் மிச்சம் என்று தங்கப்பாண்டியன் எப்போதோ கழற்றி வீட்டில் போட்டுவிட்டான். சக்கரத்தையே பிடிக்கிற கேபிளைத் தன் கையாலேயே வெட்டி எறிந்தாயிற்று. இதெல்லாம் பொன்னுராஜுக்கு நேற்றுத் தெரிந்த விஷயமா? தொழில் பழகின முதல் வருஷமே தெரியும்.

மேலே போன வாழைத்தார் வண்டி ஒன்றை மறித்து ஏறிக்கொண்டான். ஒவ்வொரு வளைவிலும் பிரேக் போட்ட டிரைவரை அடித்துவிடலாம் போலிருந்தது. வாய் ஜெபம் பண்ணியது. கண்ணுக்குள் அவள் விரல் வந்து வந்து போனது.

ஐந்தாவது வளைவில் ஜீப் கோணலாக நின்றது. ஜாக்கி சரிந்து தரையில் கிடந்தது. தங்கப்பாண்டியன் முழங்கையில் ரத்தத்தோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தான். வலது பின்சக்கரத்துக்கு அடியில் கருங்கல் இறுகிக் கிடந்தது. அதிலிருந்து ஆறடியில் பள்ளம்.

"வண்டி உருளவும் நாங்க கத்துனோம்," என்றாள் சொர்ணலதா, கூட வேலை செய்கிறவள். "இவ கத்தல. சீட்டுக்கடியில கைய விட்டா, கல்ல உருவுனா, சக்கரத்துக்கு அடியில திணிச்சா. நாங்க கண்ண மூடிட்டோம்ணே."

பொன்னுராஜ் இறங்கி ஓடினான். கிருபாவதியின் இரண்டு கைகளையும் பிடித்து விரித்துப் பார்த்தான். சகதி அப்பியிருந்தது. முந்தானையை இழுத்துத் துடைத்து, ஒவ்வொரு விரலாகப் பார்த்தான். பத்தும் இருந்தன.

"பால அணைச்சீகளா?"

"போகல."

அவள் கையை உருவிக்கொண்டாள். "சக்கரத்தத் தூக்குனா நிக்காதாமே. இப்பத்தான் தங்கப்பாண்டி யோசிச்சுச் சொல்றாக. உங்களுக்குத் தெரியாதாக்கும்?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

"தெரியும்," என்றான். "அன்னைக்குச் சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க எல்லாரும் குலவ போட்டீக. ஆனா-ன்னு ஒரு வார்த்த அதுக்கப்புறம் சொல்ல மனசு வரல."

பொன்னுராஜ் சாலையோரத்தில் இன்னும் இரண்டு கல் தேடி வந்து முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தான். ஜாக்கியை நிமிர்த்தி டயரைத் தானே மாற்றினான். வேலை முடிகிறவரை அவன் நிமிரவில்லை. அவமானமாகத்தான் இருந்தது.

எல்லோரும் ஏறினார்கள். "நானும் வர்றேன், மெட்டுல எறங்கிக்கிறேன்," என்றான். கிருபாவதி உள்ளே தள்ளி உட்கார்ந்து ஓரத்தைக் காட்டினாள். "அங்கன உக்காருங்க." கல்லைத் தூக்கி அவன் மடியிலேயே வைத்தாள். நல்ல கனம். ஆறு வருஷத்தில் இன்றுதான் அவன் அதைத் தூக்கிப் பார்க்கிறான்.

மெட்டுச் செக்போஸ்டில் வண்டிகள் வரிசை கட்டியிருந்தன. ஏற்றத்தில் ஜீப் நின்றது. தங்கப்பாண்டியன் லீவரை இழுத்தான், பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. ஆனாலும் காலை எடுக்காமல் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். பதினோரு பெண்களும் பொன்னுராஜைப் பார்த்தார்கள்.

அவன் கல்லோடு குதித்தான். குனிந்து சக்கரத்தடியில் வைத்தான்.

"இன்னும் உள்ள தள்ளி வைங்க," என்று மேலிருந்து கிருபாவதியின் குரல் வந்தது. "வெரலு பத்திரம்."